குளிரும் ஆற வேண்டும்: புகை பிஸ்கட், ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரலில் கைபேசிக்குக் கைபேசி பரவிய காணொலி அது. கர்நாடகத்தின் தாவணகெரெயில் ஒரு பொருட்காட்சி. கூட்டத்துக்கு நடுவே ஒரு சிறுவன் திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த, புகை பறக்கும் பிஸ்கட்டை வாயில் போடுகிறான். சில நொடிகளில் வலியில் துடிக்கிறான். கூட இருந்தவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவன் இறந்துவிட்டதாக ஒரு வதந்தியும் கூடவே சுற்றியது. அது உண்மையில்லை. சிறுவன் சிகிச்சை பெற்றுப் பிழைத்துக்கொண்டான்.

அதே மாதம் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை மாவட்ட அலுவலர்களுக்கு உத்தரவு அனுப்பியது. உணவோடு திரவ நைட்ரஜனை நேரடியாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, மீறினால் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அறிவித்தது. மே மாதம் கர்நாடகமும் தடை போட்டது. பல ஊர்களில் கடைகள் மறைந்தன. சில ஊர்களில் பெயர்ப் பலகை மட்டும் மாறியது. திருமண வரவேற்பிலும், மால்களிலும், கோடை விடுமுறைப் பொருட்காட்சியிலும் ‘புகை’ என்ற சொல் இன்றும் விலை போகிறது.

இந்த ஆய்வு அந்தச் சிறுவனின் மருத்துவக் கோப்பைப் பற்றியதல்ல. கேனிலிருந்து கிண்ணத்துக்கும், கிண்ணத்திலிருந்து கரண்டி வழியாகக் காகிதக் கப்புக்கும், அங்கிருந்து வாய்க்கும் அந்தப் பிஸ்கட் போகும் வழியில் எந்த இடத்தில் தவறு நுழைகிறது என்பதைப் பார்ப்பதுதான் நோக்கம். தவறு நுழையும் இடம் மிகச் சிறியது. அதைச் சரிசெய்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பதுதான் சிக்கல்.

கேனில் இருப்பது என்ன

நைட்ரஜன் விஷமல்ல. நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் அதுதான். சிப்ஸ் பாக்கெட்டைப் பலூன்போல உப்ப வைத்திருப்பதும் அதே வாயுதான். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு அதை நிரப்புகிறார்கள். கிராமத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு அதன் திரவ வடிவமும் பழக்கம்தான். சினை ஊசி போட வருபவர் கையில் கொண்டுவரும் கேனைத் திறந்ததும் வெள்ளைப் புகை வழியுமே, அது இதே திரவம்தான்.

அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று பட்டாலே கொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு லிட்டர் திரவத்தின் எடை 800 கிராம் சொச்சம். ஆவியாகி அறை வெப்பத்துக்கு வந்தால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். இந்த 700 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை நைட்ரஜன் அல்ல. நைட்ரஜனுக்கு நிறமில்லை. கடுங்குளிரில் சுற்றியுள்ள காற்றின் ஈரம் நுண்துளிகளாகத் திரண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மார்கழி விடியலில் வாயிலிருந்து வரும் ஆவியும் இதே வகைதான். ஆக, குழந்தையை ஈர்க்கும் புகை வெறும் தண்ணீர். குழந்தையைக் காயப்படுத்துவது புகைக்கு அடியில், பிஸ்கட்டின் துளைகளுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர்போன்ற திரவம். பெற்றோர் புகையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், புகை குறைந்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டுமே கொஞ்சம் இடம் மாறிய உணர்ச்சிகள்.

திரவ நைட்ரஜனைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரும் ஆசை புதிதல்ல. இங்கிலாந்தின் சமையல் ஆசிரியை ஆக்னஸ் மார்ஷல் 1901-லேயே, விருந்தில் அவரவர் தட்டில் திரவக் காற்றைச் (அதில் பெரும்பகுதி நைட்ரஜன்தான்) சில துளி விட்டுக் கிளறி ஐஸ்கிரீம் செய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னதிலும் திரவத்தின் வேலை கலவையை உறைய வைப்பதோடு முடிந்துவிடுகிறது. சாப்பிடுகிறவர் வாய்க்குள் போவது ஐஸ்கிரீம் மட்டும்தான்.

கடையில் நடப்பது

வழக்கமான முறை இது. எஃகுக் கிண்ணத்திலோ தெர்மாகோல் பெட்டியிலோ கேனிலிருந்து 200 முதல் 300 மில்லி வரை திரவத்தை ஊற்றுவார்கள். பொரிபோல் உப்பிய சோள உருண்டைகளையோ வேஃபர் பிஸ்கட்டையோ அதில் கொட்டுவார்கள். திரவம் பொங்கிச் சலசலக்கும். அரை நிமிடத்துக்குள் சலசலப்பு அடங்கும். கரண்டியால் அள்ளிக் காகிதக் கப்பில் போட்டு, ஒரு குச்சியைச் செருகி, மேலே சாக்லேட் சிரப்பைச் சுழற்றிக் கையில் கொடுப்பார்கள். “வாய்ல போட்டு மூடிக்கோ தம்பி, மூக்கு வழியா விடு” என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்பா கைபேசியைத் தூக்கிப் பிடிப்பார்.

இதில் மூன்று இடங்களை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

முதல் இடம், சலசலப்பு அடங்கும் நொடி. புதிதாகப் பார்க்கிறவருக்கு அது ‘வேலை முடிந்தது’ என்பதுபோல் தெரியும். உண்மை நேர் எதிர். வடை சுடும் சட்டியை நினைத்துப் பாருங்கள். மாவிலிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே புக முடியாது. குமிழி அடங்கிய பிறகும் வடையை எடுக்காமல் விட்டால் எண்ணெய் குடிக்கும். பிஸ்கட்டும் அப்படித்தான். அது சூடாக இருக்கும் வரை, நைட்ரஜன் அதன் மேல் பட்டுக் கொதித்து, அந்த வாயுவே திரவத்தைத் தள்ளி நிறுத்துகிறது. பிஸ்கட்டும் மைனஸ் 196-ஐத் தொட்டதும் கொதிப்பு நிற்கிறது. அந்த நொடியிலிருந்து திரவம் துளைகளுக்குள் ஊறுகிறது. அதாவது சலசலப்பு நின்றதும் எடுக்கப்படும் பிஸ்கட் நைட்ரஜன் குடித்த பிஸ்கட்.

எவ்வளவு குடிக்கும்? 2.5 செ.மீ. விட்டமுள்ள உருண்டை சுமார் 8 மில்லி இடத்தை அடைக்கும். உப்பிய சோளத்தில் பெரும்பகுதி வெற்றிடம். அந்த 8 மில்லியில் கால்வாசி நிறைந்தாலே 2 மில்லி. கையில் எடை தெரியாது. வெளிப்பக்கம் உலர்ந்ததுபோலத்தான் இருக்கும்.

இரண்டாவது இடம் கரண்டி. பூரி எடுக்கும் ஜல்லிக் கரண்டியில் அள்ளினால் திரவம் கீழே வடிந்துவிடும். குழம்பு ஊற்றும் குழிக்கரண்டியில் அள்ளினால் உருண்டையோடு திரவமும் கப்புக்குள் வரும். குழிக்கரண்டியைப் பயன்படுத்தக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. கப்பின் அடியில் திரவம் கிடந்தால்தான் இரண்டு மூன்று நிமிடம் புகை தொடர்ந்து வரும், காணொலி நன்றாக இருக்கும். கடையைத் தூரத்திலிருந்தே எடைபோட ஒரு வழி கேட்டால் இதைத்தான் சொல்லலாம்: கரண்டியைப் பாருங்கள்.

மூன்றாவது இடம் கப்பின் அடி. உருண்டைகளைக் குச்சியால் குத்தித் தின்றுவிட்டு, கடைசித் தூளையும் சிரப்பையும் விடாமல் இருக்க, குழந்தைகள் கப்பை அண்ணாந்து வாயில் கவிழ்ப்பார்கள். எந்தக் குழந்தையும் செய்யும் காரியம். அடியில் 5 மில்லி திரவம் இருந்தால் அது அப்படியே தொண்டைக்குள் போகும்.

உள்ளே போனதும்

திரவ நைட்ரஜனைக் கையில் ஊற்றிக் காட்டும் வித்தையைப் பலர் பார்த்திருப்பார்கள். துளிகள் தோலில் ஒட்டாமல் உருண்டு ஓடும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் முத்துமுத்தாய் ஓடுமே, அதே காரணம்தான். தோலின் வெப்பத்தில் அடிப்பக்கம் மட்டும் ஆவியாகி, அந்த ஆவிப் படலம் துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. ‘கையில ஒண்ணும் ஆகல, வாயில என்ன ஆகிடும்?’ என்று கடைக்காரர்கள் கேட்பது இதை வைத்துத்தான்.

வாய் கை அல்ல. கையில் துளி ஓடி விழுந்துவிடும். வாயில் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே நசுங்கும். பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே தேங்கும். ஆவிப் படலம் நசுங்கியதும் திரவம் நேராகத் தசையைத் தொடும். சட்டை நனைந்தால் ஆபத்து என்று ஆய்வுக்கூடங்களில் எச்சரிப்பதும் இதனால்தான். துணி திரவத்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் கடும் சேதம் வாயில் நடப்பதில்லை. வாய் திறந்திருக்கிறது, துப்பலாம், வாயு வெளியேறும். விழுங்கிவிட்டால்தான் கதை வேறு. கணக்கு எளிது. உடல் வெப்பத்தில் 1 மில்லி திரவம் 700 மில்லிக்கும் சற்று மேலான வாயுவாகும். பிஸ்கட்டில் ஒளிந்திருந்த 2 மில்லி, சுமார் 1.4 லிட்டர். கப்பின் அடியிலிருந்த 5 மில்லி, மூன்றரை லிட்டருக்கும் அதிகம். வளர்ந்தவரின் இரைப்பையே ஒன்று, ஒன்றரை லிட்டரில் வயிறு முட்டிவிடும். குழந்தைக்கு அதைவிடக் குறைவு.

சாப்பாட்டால் இரைப்பை நிறைவதற்கு அரை மணி நேரம் ஆகும், அது மெல்ல விரிந்து கொடுக்கும். இங்கே விரிவு நொடிகளில் நடக்கிறது. இரைப்பையின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் தசை வளையங்கள் இறுகியிருக்கின்றன. ஏப்பமாக வெளியேற அவகாசம் கிடைத்தால் தப்பிக்கலாம், கிடைக்காவிட்டால் சுவர் கிழியும். குளிர் மட்டும் என்றால் காயம் சிறியதாகவே இருந்திருக்கும். 2 மில்லி திரவம் முழுவதுமாக உறிஞ்சக்கூடிய வெப்பம் இரண்டு கிராம் தண்ணீரை உறைய வைக்கும் அளவுதான். குளிரைவிட வாயுதான் கொடியது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘சூடா ஏதாவது குடிக்கக் கொடு’ என்று ஓடுவது வழக்கமாக நடக்கும் இரண்டாவது தவறு.

இரைப்பைக்கு இரண்டு வளைவுகள். பெரிய வளைவு நன்றாக நெகிழும், சிறிய வளைவு அவ்வளவாக நெகிழாது. காற்றழுத்தத்தால் இரைப்பை கிழியும்போது பெரும்பாலும் சிறிய வளைவில்தான் கிழியும். 2024 மே மாதம் வெளியான பெங்களூரு நிகழ்வு இதற்குப் பொருந்தி வருகிறது. திருமண வரவேற்பில் புகை பீடா போட்ட 12 வயதுச் சிறுமிக்கு வயிற்றில் துளை விழுந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது சிறிய வளைவில் ஏறத்தாழ 4 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவில் திசு கெட்டுப் போயிருந்தது. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத்தான் காப்பாற்றினார்கள். பீடாவில் வெற்றிலை மடிப்பு ஒரு சிறு பைபோல. திரவம் தேங்க அதைவிட வசதியான இடம் கிடையாது.

இங்கிலாந்தின் லங்காஸ்டரில் 2012 அக்டோபரில் 18-வது பிறந்தநாள் கொண்டாடிய ஒரு பெண், புகை பறந்த மதுவைக் குடித்து முழு இரைப்பையையே இழந்தார். அந்த மதுக்கூடத்துக்கு 2015-ல் நீதிமன்றம் ஒரு லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. 2017-ல் இதே வகை மதுவால் ஒருவருக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்த பிறகு ஹரியானாவில் தடை வந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஆகஸ்டில் பொது எச்சரிக்கை விட்டது. மது, பீடா, பிஸ்கட் என்று பண்டம் மாறுகிறது. திரவம் தீரும் முன் வாய்க்குள் போனது மட்டும் மாறவில்லை.

பாதுகாப்பான பிஸ்கட் ஏன் விற்காது

அம்மாக்கள் இட்லியைப் பிட்டு ஊதி ஆறவைத்துத்தான் குழந்தைக்கு ஊட்டுவார்கள். சூடு ஆற வேண்டும் என்று நமக்குத் தெரியும். குளிரும் ஆற வேண்டும் என்பது நம் பழக்கத்தில் இல்லை. ‘ஆறிப்போச்சு’ என்றால் இங்கே ருசி போய்விட்டது என்று பொருள்.

திரவம் முழுவதும் ஆவியான பிறகும் பிஸ்கட் கடுங்குளிராகவே இருக்கும். கடித்தால் மூச்சின் ஈரம் கொஞ்சம் வெண்மையாக வரும், ஒரு விநாடி, இரண்டு விநாடி. மூக்கு வழியாக டிராகன்போல் வழிய வேண்டுமென்றால் வாய்க்குள் திரவம் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அதாவது பண்டத்தின் கவர்ச்சியும் அதன் ஆபத்தும் ஒரே பொருள். வேறு எந்தத் தின்பண்டத்திலும் இப்படி அமைவது அரிது. பஜ்ஜியில் பழைய எண்ணெயை மாற்றினால் பஜ்ஜி இன்னும் நன்றாகவே இருக்கும். புகை பிஸ்கட்டில் ஆபத்தை எடுத்தால், மிஞ்சுவது விலை கூடிய சோளப் பொரி.

அதனால்தான் ‘கவனமாகக் கொடுக்கிறோம்’ என்ற கடைக்காரரின் உறுதிமொழியை நம்பாமல் இருப்பது நல்லது. அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், முன்னால் நிற்கும் பையன் புகை வரவில்லை என்று அழுகிறான். அவர் கை தானாகவே குழிக்கரண்டியைத்தான் எடுக்கும்.

நைட்ரஜன் ஐஸ்கிரீம் இதே பட்டியலில் வராது

பெயரில் நைட்ரஜன் இருப்பதாலேயே அதையும் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அங்கே திரவம் கருவி. பண்டம் உருவாகும்போதே தீர்ந்துவிடும்.

ஒரு கிலோ பால் கலவையை 4 டிகிரியிலிருந்து மைனஸ் 8 வரை இறக்கவும், அதிலுள்ள நீரில் ஒரு பகுதியை உறைய வைக்கவும் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு லிட்டர் திரவம் போதும். பாத்திரம் குளிர்வது, மேலே பறந்து போவது எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர் வரை செலவாகும். மின்கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரவத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுவார்கள். படிகங்கள் வளர நேரமில்லாமல் உறைவதால் நாக்கில் மணல் தட்டாது. அந்த வழுவழுப்புக்காகத்தான் இந்த முறையே வந்தது.

கெடுவது இரண்டு விதத்தில். ஒரேயடியாக ஊற்றினால் மேலே ஓடுபோல் கெட்டிப்படும். அதன் கீழோ நடுவிலோ திரவம் சிறைப்படலாம். இரண்டாவது, கிளறி முடிந்ததும் அழகுக்காக மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றிப் புகையோடு கொடுப்பது. இந்த இரண்டாவது செயல் ஐஸ்கிரீமைப் புகை பிஸ்கட்டாக மாற்றிவிடுகிறது. கேட்டு வாங்குங்கள்: ‘மேலே ஊத்த வேண்டாம்.’ கரண்டியை நடு வரை இறக்கி ஒரு சுற்றுக் கிளறுங்கள். புகை எழாமலும் சீறும் ஒலி கேட்காமலும் கரண்டி மெத்தென்று இறங்கினால் சாப்பிடலாம். கல்லாக இருக்கும் துண்டை ஒதுக்கிவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள்.

உலர் பனிக்கட்டி: வேறு பொருள், அதே வேஷம்

புகை சோடா, புகை ஜூஸ் என்று விற்கும் இடங்களில் பெரும்பாலும் நைட்ரஜன் இருக்காது. உலர் பனிக்கட்டி இருக்கும், அதாவது திடமான கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி. இது உருகாது, நேரே ஆவியாகும். தம்ளரில் போட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு குமிழி விடும். பார்வைக்குச் சாதாரண ஐஸ்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. கடைசி வாய் குடிக்கும்போது தம்ளரைச் சாய்த்தால் உதட்டுக்கு வந்துவிடும்.

2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில், சாப்பிட்ட பிறகு வாய் மணக்கக் கொடுத்த பொருளைப் போட்டுக்கொண்ட ஐந்து பேர் ரத்தம் கக்கினார்கள். அதில் இருந்தது உலர் பனிக்கட்டி. புகையே காட்டாத இடத்திலும் இது வரலாம் என்பதுதான் அந்த நிகழ்வின் பாடம். ஜிகர்தண்டா தம்ளரில் ஐஸ் மிதக்கும். அடியில் மூழ்கிக் கிடந்து குமிழி விட்டால் அது ஐஸ் அல்ல.

இதே பொருட்காட்சிகளில் அடுத்த கடையில் ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாய் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் கதையும் அதே 2024-ல்தான் வெடித்தது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருப்பது தெரிந்து, பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியும் பிறகு தமிழ்நாடும் தடை செய்தன. ஆனால் சாயத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வுக்கூடம் வேண்டும். வெள்ளைப் பஞ்சு மிட்டாயை வாங்குவது தவிர பெற்றோர் செய்யக்கூடியது அதிகமில்லை. புகை பிஸ்கட் விஷயத்தில் பார்க்க வேண்டியதெல்லாம் கண் முன்னாலேயே நடக்கிறது.

கடை முன் நிற்கும்போது

சிறுவர்களுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், விழுங்காமல் இருக்கத் தெரியாத வயதினருக்கும் புகையோடு எதுவும் வேண்டாம். இதில் பேரம் இல்லை. குளிர் வாயுவை இழுத்தாலே மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகும்.

கடை மூடிய கூடாரத்துக்குள்ளோ, தரைக்கீழ் தளத்திலோ, கதவடைத்த அறையிலோ இருந்தால் உள்ளே நுழையாதீர்கள். 3 மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையில் 10 லிட்டர் கேன் கவிழ்ந்தால் 7,000 லிட்டர் வாயு பரவும். ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்தை ஒட்டி இறங்கும். 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது தொழிற்சாலை விதி. குளிர் வாயு கனமானது, தரையோடு தவழும். அந்த உயரத்தில்தான் குழந்தையின் மூக்கு இருக்கிறது. கேனோடு ஒரே லிஃப்டில் ஏறவும் கூடாது.

கேனின் வாயை இறுக்கித் திருகி மூடியிருந்தால் அது வீட்டுப் பிளாஸ்க். திரவ நைட்ரஜன் கேனின் மூடி எப்போதும் தளர்வாகத்தான் உட்கார வேண்டும். வாயு வெளியேற வழியில்லை என்றால் வெடிக்கும். கடைக்காரர் கையில் துணி உறையோ கம்பளி உறையோ இருந்தால் அவருக்குத் தொழில் தெரியாது என்று பொருள். திரவம் ஊறித் தோலோடு ஒட்டும். தளர்வான, ஈரம் ஊறாத குளிர்காப்பு உறையும் கண் கண்ணாடியும் இருக்க வேண்டும். பலகையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, கையில் கப் இருக்கிறது என்றால், உருண்டைகளைக் கப்பிலிருந்து ஒரு தட்டில் கொட்டுங்கள். கப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். புகை முழுவதும் நிற்க வேண்டும். காதருகே கொண்டுபோனால் சீறும் ஒலி கேட்கக் கூடாது. பெரியவர் ஒருவர் குச்சியாலோ கரண்டியாலோ உருண்டையை இரண்டாக உடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளிருந்து மறுபடி புகை வந்தால் இன்னும் திரவம் இருக்கிறது. இத்தனை விநாடி என்று எண்ணி நிற்பதில் பயனில்லை. உருண்டையின் கனம், சிரப்பின் பூச்சு, காற்றோட்டம் எல்லாவற்றையும் பொறுத்து நேரம் மாறும். சாக்லேட் சிரப் உறைந்து ஓடுபோல் மூடியிருந்தால் உள்ளே ஊறியது வெளியேற அதிக நேரம் எடுக்கும். சிரப் பூசியதைக் குழந்தைக்குத் தர வேண்டாம்.

தவறி விழுங்கிவிட்டால்

வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெந்நீர், மோர், சோடா, வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீர்கள். துளை விழுந்திருந்தால் குடித்ததெல்லாம் வயிற்றுக் குழிக்குள் கசியும். அறுவை தேவைப்பட்டால் வெறும் வயிறாக இருப்பதும் நல்லது. வயிற்றை அமுக்கித் தடவாதீர்கள். தானாக ஏப்பம் வந்தால் வரட்டும், உட்கார்ந்த நிலையில் வைத்திருங்கள்.

வயிறு உப்பிக் கல்லாவது, நிற்காத வலி, தோள்பட்டையில் வலி, மூச்சு வாங்குவது, வாயில் ரத்தம் — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. தோள்பட்டை வலியைப் பலர் கைச்சுளுக்கு என்று நினைப்பார்கள். வயிற்றுக்குள் கசிந்த வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தள்ளும்போது, அதன் நரம்பு வழியாக வலி தோளில் தெரியும். வலி கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாலும் விழுங்கியது உறுதி என்றால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அங்கே ‘ஏதோ ஐஸ் சாப்பிட்டான்’ என்று சொல்லாதீர்கள். ‘திரவ நைட்ரஜன்’ என்று சொல்லுங்கள், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றும் சொல்லுங்கள். நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்கு அடியில் காற்றுப் பிறை தெரிந்தால் துளை விழுந்திருக்கிறது. அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அஜீரணத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

உதடு, விரல் மட்டும் பட்டு வெளுத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், 37 முதல் 40 டிகிரி வரை, முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஒட்டிய பிஸ்கட்டைப் பிடுங்காமல் தண்ணீர் விட்டு இளக்குங்கள். புகார் சொல்ல தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் படம், இடம், நேரம் போதும்.

புகையை மட்டும் கொடுப்பது எப்படி

பிறந்தநாளிலோ வரவேற்பிலோ புகை இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. விருந்து ஏற்பாட்டாளரிடம் இரண்டு கிண்ணமாகக் கேளுங்கள். வெளிக் கிண்ணம் அகலமானது, அதில் இரண்டு விரல் உயரம் வெந்நீர். அதற்குள் கனமான, அசையாத உள் கிண்ணம், அதில் நைட்ரஜன் பக்கமே போகாத பிஸ்கட்டோ பழத்துண்டோ. திறந்த வெளியில், குழந்தைகளை இரண்டு எட்டுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, பயிற்சி பெற்றவர் வெளிக் கிண்ணத்து வெந்நீரில் 50 மில்லி திரவத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். வெந்நீரின் ஆவியும் சேர்வதால் பிஸ்கட்டில் வருவதைவிடப் பல மடங்கு புகை மேசை விளிம்பு வழியாகத் தரை வரை வழியும். சலசலப்பு முழுவதும் ஓய்ந்து, வெறும் தண்ணீர் மட்டும் மிஞ்சும்போது வெளிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு உள் கிண்ணத்தை நடுவில் வைக்கலாம். மூக்கு வழியாக வராது. கடைசிப் புகை தரையில் தவழும்போது பிள்ளைகள் அதை மிதித்துக் கலைத்து விளையாடுவார்கள், பிஸ்கட்டை மறந்தும் போவார்கள்.